வசனத்தை விடுங்கள், கேள்வி கேளுங்கள்

சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஒரு மாடி அலுவலகம். படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகளும் பெற்றோரும். எல்லாப் பிள்ளைக்கும் புது உடுப்பு, படிய வாரிய தலை, சிலருக்கு லேசாக உதட்டுச் சாயம். உள்ளே கூப்பிட்டதும் ஒவ்வொரு பிள்ளையும் கேமராவுக்கு முன் நின்று பெயர், வயது, வகுப்பு சொல்லும். நேராக ஒரு பார்வை, இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை. “தெரிஞ்சதை நடிச்சுக் காட்டு கண்ணா” என்றதும் ஒரு நட்சத்திர நடிகரின் பஞ்ச் வசனம் வரும். அதே கை வீச்சு, அதே கழுத்துத் திருப்பல். அடுத்த பிள்ளையும் ரீல்ஸில் பார்த்த ஏதோ ஒன்றை அச்சுப் பிசகாமல் செய்யும். பத்துப் பேர் முடிவதற்குள் யார் எதைச் செய்தார்கள் என்பதே உதவி இயக்குநருக்குக் குழம்பிவிடும்.

பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்வரை பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர்கள் செய்கிறார்கள். “கண்ணை நல்லா விரி”, “சிரிச்சுக்கிட்டே சொல்லு”, “எக்ஸ்பிரஷன் பத்தலை” என்று நாள்கணக்கில் பயிற்சி நடந்திருக்கும். அந்தப் பயிற்சியில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இடமே இருந்திருக்காது: நீ நடிக்கப்போகும் அந்தப் பிள்ளை யார்?

அந்தக் கேள்வியிலிருந்துதான் தயாரிப்பே தொடங்க வேண்டும். வசனத்தையும் முகபாவத்தையும் பெரியவர் முடிவுசெய்து பிள்ளையின் மேல் போர்த்தினால், எத்தனை பேர் வந்தாலும் ஒரே பிள்ளைதான் வந்ததுபோல் இருக்கும். பாத்திரம் யார், அதற்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறது என்று பிள்ளையே யோசித்துக் கண்டுபிடித்தால், இரண்டு பேர் ஒன்றுபோல் நடிக்க வாய்ப்பே குறைவு. ஏனென்றால் இரண்டு பேர் பார்த்து வளர்ந்த வீடும் தெருவும் ஒன்றல்ல.

பெற்றோரின் பதற்றம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. ‘பதேர் பாஞ்சாலி’ படத்தின் அப்பு பாத்திரத்துக்குச் சிறுவனைத் தேடிச் சத்யஜித் ராய் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். நிறையப் பேர் வந்தார்கள். ஒரு குடும்பம் தங்கள் பெண்குழந்தைக்கு முடியைக் கத்தரித்துப் பையன் மாதிரி ஆக்கியே அழைத்து வந்துவிட்டது. கடைசியில் அப்பு கிடைத்தது அக்கம்பக்கத்தில். விளையாடிக்கொண்டிருந்த சுபீர் பானர்ஜியை ராயின் மனைவி விஜயாதான் கவனித்துச் சொன்னார்.

சுபீரை ராய் நடிக்கவைத்த விதம் இன்னும் முக்கியமானது. நாணல் பூத்த வெளியில் அப்பு அக்காவைத் தேடி நடந்து வரும் காட்சி. “தேடுவதுபோல் நட” என்று சொன்னால் ஆறேழு வயதுப் பையனுக்கு என்ன வரும்? விறைத்துப்போய் நேராக நடந்தான். ராய் வேறு வழி பிடித்தார். உதவியாளர்களை வெவ்வேறு இடங்களில் ஒளிந்து நிற்கவைத்து, மாற்றி மாற்றி அவன் பெயரைக் கூப்பிடச் சொன்னார். நடந்து வரும் பாதையில் சுள்ளிகளைப் போட்டு, அவற்றைத் தாண்டி வரச் செய்தார். பையன் நின்றான், திரும்பினான், காலைத் தூக்கி வைத்தான், மறுபடி நடந்தான். 1955-இல் படம் பார்த்தவர்கள் அக்காவைத் தேடும் அப்புவைப் பார்த்தார்கள். உணர்ச்சியைக் கேட்காமல் வேலையைக் கொடுத்தார் ராய், உணர்ச்சி தானாக வந்தது.

நம் ஊர் வழக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. சினிமாவுக்கு முன்பே இங்கே சிறுவர்களைக் கொண்டு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அப்படிப்பட்ட கம்பெனிகளில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்தவர்கள்தான். வாத்தியார் சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும். பாட்டும் வசனமும் தலைகீழாக வரவேண்டும், தவறினால் அடி விழும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை குரல் போகவேண்டிய காலத்தில் அந்த உரத்த உச்சரிப்புக்கும் பெரிய கையசைவுக்கும் அர்த்தம் இருந்தது. கேமரா முகத்துக்கு இரண்டடி தூரத்தில் நிற்கும் இன்றைக்கும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு அர்த்தமில்லை.

அதே கம்பெனி வழக்கத்துக்குள் நேர்மாறான ஒரு சம்பவமும் நடந்திருக்கிறது. டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்தின் திறமையை அவரது சிறுவயதில் பார்த்த சுவாமிகள், அவர் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார் என்பது தமிழ் நாடக உலகம் நன்கு அறிந்த செய்தி. எதிரில் நிற்கும் பிள்ளையைப் பார்த்துப் பாத்திரத்தை எழுதும் அந்தக் கண்ணை நாம் அவ்வளவாகப் பின்பற்றவில்லை. அடியையும் மனப்பாடத்தையும்தான் பிடித்துக்கொண்டோம்.

பிரான்ஸில் பிரான்சுவா த்ரூபோ செய்ததும் இதற்குப் பக்கத்தில் வரும். ‘தி 400 ப்ளோஸ்’ படத்துக்காக 1958-இல் சிறுவர்களைச் சோதித்துப் பார்த்தபோது அவர் மனத்தில் இருந்த நாயகன் அந்துவான் கொஞ்சம் ஒடுங்கிய பையன். வந்து நின்ற பதினான்கு வயது ழான்-பியேர் லியோ துடுக்குக்காரன், வாய்க்கு வாய் பேசுபவன். த்ரூபோ பையனை ஒடுக்கவில்லை, பாத்திரத்தை மாற்றினார். படத்தில் சீர்திருத்தப் பள்ளியின் உளவியலாளர் அந்துவானிடம் கேள்வி கேட்கும் புகழ்பெற்ற காட்சிக்கு எழுதிய வசனம் கிடையாது. கேமராவுக்கு இந்தப் பக்கமிருந்து கேள்வி கேட்டவர் த்ரூபோ, பதில்கள் அந்தப் பையனுக்கு அந்த நேரத்தில் வந்தவை. ஜப்பானின் ஹிரோகாசு கொரீடா பெரும்பாலும் பிள்ளைகளின் கையில் திரைக்கதையைக் கொடுப்பதில்லை. காட்சியைப் படப்பிடிப்பின்போது வாயால் சொல்லுவார், அவர்கள் தங்கள் வார்த்தையில் பேசுவார்கள். அவருடைய ‘நோபடி நோஸ்’ படத்துக்காக 2004-இல் யூயா யாகிரா கான் விழாவின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றபோது வயது 14.

இவையெல்லாம் பெரிய இயக்குநர்களின் சமாசாரம், வீட்டில் அம்மாவும் அப்பாவும் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நிறையவே செய்யலாம், செலவும் இல்லை.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒன்பது வயதுச் சிறுமி பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை கடன் கேட்க வேண்டும். வசனம் ஒரே வரி: “அக்கா, அம்மா ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கிட்டு வரச் சொன்னாங்க.” வழக்கமான பயிற்சியில் இதை எப்படிச் சிரித்துக்கொண்டு சொல்வது, எந்த இடத்தில் தலையைச் சாய்ப்பது என்று சொல்லித் தருவார்கள். அதற்குப் பதில் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இந்த வீட்டுக்கு இவள் இதற்கு முன் கடன் கேட்டு வந்திருக்கிறாளா? போன வாரம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா? வீட்டில் யார் வந்து உட்கார்ந்திருப்பதால் இவ்வளவு அவசரம்? இந்த வீட்டில் இவளோடு படிக்கிற பையன் யாராவது இருக்கிறானா? டம்ளர் எங்கே இருக்கிறது?

போன வாரச் சர்க்கரையே இன்னும் திரும்பவில்லை என்று ஒரு சிறுமி முடிவுசெய்தால், டம்ளர் தானாகப் பாவாடை மடிப்புக்குள் போய்விடும். வாசலில் நின்று அந்த வீட்டு நாய்க்குட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவாள், சர்க்கரைப் பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. கூடப் படிக்கிற பையன் உள்ளே இருக்கிறான் என்று இன்னொருத்தி வைத்துக்கொண்டால், குரல் தணிந்து வார்த்தைகள் வேகமெடுக்கும், கண் அடிக்கடி உள்கதவுக்குப் போகும். இந்த வீட்டில் தனக்குச் செல்லம் அதிகம் என்று மூன்றாமவள் நினைத்தால், வாசலில் நிற்கவே மாட்டாள். சமையலறைக்குள் போய் எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தவளாகக் கையை நீட்டியபடி அதே வரியைச் சொல்வாள். ஒரே வசனம், மூன்று பிள்ளைகள். முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மூவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இந்தப் பயிற்சியில் பெரியவர் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. பிள்ளை ஒரு பதிலைச் சொன்னதும் “அது வேண்டாம், இப்படி வெச்சுக்கோ” என்று திருத்துவது. அந்த இடத்தில் பாத்திரம் பிள்ளையின் கையைவிட்டுப் போய்விடும். பதில் விசித்திரமாக இருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்பதுதான் வழி.

நம் படங்களில் நினைவில் நிற்கும் பிள்ளைப் பாத்திரங்களைக் கூர்ந்து பார்த்தால் இதே விஷயங்கள் தென்படும். பாண்டிராஜின் ‘பசங்க’ (2009) படத்து அன்புக்கரசு தன் பெயருக்குப் பின்னால் இப்போதே ஐ.ஏ.எஸ். போட்டுக்கொள்பவன், இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு தெருவில் போகிறவன். இந்த இரண்டு பழக்கத்தை எடுத்துவிட்டால் அவனும் இன்னொரு பள்ளிக்கூடப் பையன்தான். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ஆசை, பீட்சா. ஆனால் யாரோ கடித்து மிச்சம் வைத்த துண்டு கைக்கெட்டும்போது பெரியவனின் மானம் குறுக்கே வருகிறது, சின்னவனுக்கு வாசனைதான் பெரிதாக இருக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்தில் இரண்டு பேரும் தனித்தனி ஆள் ஆகிவிடுகிறார்கள். அவர்களாக நடித்த ரமேஷ், விக்னேஷ் இருவரும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வசனமே வேண்டியதில்லை என்பதற்கு பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ சாட்சி. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். குடிகார அப்பாவின் பின்னால் கொதிக்கும் வெயிலில் நடந்து வரும் வேலு அதிகம் பேசுவதில்லை. உடைந்த கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி அப்பாவின் முதுகில் அடிக்கிறான். தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கற்களோடு வைக்கிறான். இது முதல் நடை இல்லை என்பதை அந்தக் கல் குவியலே சொல்லிவிடுகிறது. கையில் ஒரு பொருளும் அதைப் பயன்படுத்தும் காரணமும் கிடைத்துவிட்டால் பிள்ளைகள் அப்படியே ஒன்றிவிடுவார்கள். ஆடிஷனுக்குத் தயாராகும் பிள்ளையிடம் “அவன் சட்டைப் பையில் என்ன இருக்கும்?” என்று கேட்டால் போதும், பத்து நிமிடத்துக்குப் பதில் வந்துகொண்டே இருக்கும்.

பேச்சு வழக்கும் அப்படித்தான். திருநெல்வேலிப் பிள்ளைக்கும் தஞ்சாவூர்ப் பிள்ளைக்கும் டிவித் தமிழைப் பழக்கி அழைத்து வருகிறார்கள். வீட்டில் பேசுகிற பேச்சில் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் வேகமும் இழுப்பும் குறும்பும் அந்தப் பயிற்சியிலேயே போய்விடுகின்றன. பாத்திரம் சென்னைப் பிள்ளை என்றால் அதை இயக்குநர் கேட்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். முதல் தடவை பிள்ளை தன் வாய்மொழியில் பேசட்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். மிமிக்ரி செய்வதும் திறமைதானே, பிள்ளைகளுக்கு இயல்பாக வருவதே பார்த்துச் செய்வதுதானே என்பார்கள். உண்மை. பிள்ளைகள் பார்த்துத்தான் கற்கிறார்கள், அதைத் தடுக்க வேண்டியதில்லை. யாரைப் பார்த்து என்பதை மட்டும் மாற்றினால் போதும். பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் விரல், கூட்டத்தில் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர், ஊசியில் நூல் கோக்கும்போது தையல்காரர் உதட்டைக் கடிக்கும் விதம் என்று நேரில் பார்த்தவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நடிகரின் பாவனையைப் பிரதி எடுக்கும் பிள்ளை ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றைத் திரும்பச் செய்கிறது. பாட்டியைச் செய்யும் பிள்ளை எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று தானே தேர்ந்தெடுக்கிறது. பாத்திரம் உருவாக்கும் வேலைக்கு அதுதான் அரிச்சுவடி.

மனப்பாடத்தின் இன்னொரு கேடு, காதை மூடிவிடுவது. எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் தன் முறை வரும்வரை காத்திருந்து, பயின்ற அதே ராகத்தில் பிள்ளை வசனத்தை இறக்கிவைக்கும். “இப்போ கோபமா இல்லாம, தூக்கக் கலக்கத்துல சொல்லு பார்ப்போம்” என்று உதவி இயக்குநர் கேட்டால் திகைத்துவிடும். அவர் அப்படிக் கேட்பது பிள்ளையைச் சோதிக்க மட்டுமில்லை, படப்பிடிப்பில் அந்தப் பிள்ளையோடு வேலை செய்ய முடியுமா என்று பார்க்கவும்தான். ஆகவே வீட்டில் எதிர்ப்பாத்திரத்தைப் படிக்கும் அப்பா ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி படிக்க வேண்டும். ஒருமுறை எரிச்சலோடு, ஒருமுறை போன் பார்த்துக்கொண்டே, ஒருமுறை அன்பாக. பிள்ளையின் பதில் ஒவ்வொரு முறையும் மாறினால் தயாரிப்பு சரியாகப் போகிறது என்று பொருள்.

வீட்டிலேயே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும் ஆடிஷன்கள் இப்போது பெருகிவிட்டன. அதற்கு அலங்காரம் தேவையில்லை. வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம், மின்விசிறியின் இரைச்சல் இல்லாத அறை, கேமராவை ஒட்டி உட்கார்ந்து எதிர் வசனம் படிக்க ஒருவர். பின்னணி இசையும் ஃபில்டரும் பிள்ளையின் முகத்தை மறைக்கத்தான் உதவும்.

அழுகைக்கு வருவோம், ஏனென்றால் ஆடிஷன்களில் அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ (1982) படத்துக்கு ஹென்றி தாமஸ் கொடுத்த ஆடிஷன் இன்றும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. உன் நண்பனான வேற்றுக்கிரக ஜீவனை அதிகாரிகள் எடுத்துப்போக வந்திருக்கிறார்கள், விடாதே என்பதுதான் அவனுக்குத் தரப்பட்ட சூழ்நிலை. எழுதிய வசனம் இல்லை. பையன் வாதாடுகிறான், கெஞ்சுகிறான், கண்ணீர் வழிகிறது. அங்கேயே வாய்ப்பு உறுதியாகிவிட்டது. செத்துப்போன தன் நாயை அப்போது நினைத்துக்கொண்டதாக அவர் பின்னாளில் சொன்னார்.

இதைக் கேட்டுவிட்டு, “செத்துப்போன தாத்தாவை நினைச்சுக்கோ” என்று பிள்ளையின் காயத்தைக் கிளறுகிறவர்கள் இருக்கிறார்கள். கிள்ளுகிறவர்கள், “உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்” என்று மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹென்றிக்கு அந்த நினைவை யாரும் திணிக்கவில்லை, அவன் தானாக எடுத்துக்கொண்டான். பெரியவர்கள் அவனுக்குத் தந்தது ஒரு நண்பனையும் அவனைக் காப்பாற்றும் வேலையையும் மட்டுமே. நம் பிள்ளைகளுக்கும் அதுவே போதும். அழவைப்பதற்குப் பதில், அழக்கூடாது என்று முயலும் பிள்ளையாக நடிக்கச் சொன்னால் அதில் நடிப்பு அதிகம், வலி குறைவு. மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் ஷாமிலி நடித்த மழலை வயதில் இருக்கும் குழந்தைக்கு இந்த விளக்கமெல்லாம் எட்டாது. அந்த வயதில் விளையாட்டு மட்டுமே வழி, குழந்தைக்குச் சலித்ததும் கேமராவை நிறுத்திவிட வேண்டும்.

சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-இல் வந்த திருத்தமும் 2017-இல் வந்த விதிகளும் பிள்ளைகள் நடிப்பதற்குச் சில எல்லைகளை வகுத்திருக்கின்றன. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. அதிகபட்சம் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். விருப்பமில்லாத பிள்ளையை நடிக்கவைக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. இவையெல்லாம் வேலை கிடைத்துவிட்ட பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாடிப்படியில் காலையிலிருந்து பசியோடு காத்திருக்கும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

ஆடிஷன் நடத்துகிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோரை மட்டும் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. “தெரிஞ்சதை நடிச்சுக் காட்டு” என்று கேட்கும்வரை பிள்ளைகள் தெரிந்த பஞ்ச் வசனத்தைத்தான் கொண்டு வருவார்கள். காட்சியின் சூழ்நிலையை இரண்டு நாள் முன்பே பெற்றோருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடலாம். அதில் வசனத்தைவிட, அந்தப் பிள்ளை யார், எங்கே வசிக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்று நான்கு வரி எழுதினால் நல்லது. பிள்ளைகளை மொத்தமாகக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லாமல் ஆளுக்கொரு நேரம் ஒதுக்கலாம். உள்ளே வந்ததும் கேமராவை ஓடவிடாமல் ஐந்து நிமிடம் சும்மா பேசலாம். முதல் முறை பிள்ளை கொண்டு வந்ததைச் செய்யட்டும், இரண்டாம் முறை சூழ்நிலையில் ஒன்றை மாற்றிக் கொடுக்கலாம். அழுகைக் காட்சியை ஆடிஷனில் கேட்பதையே விட்டுவிடலாம், அது அவசியமான பாத்திரம் என்றால் தேர்ந்தெடுத்த பிறகு பயிற்சியில் பார்த்துக்கொள்ளலாம். தேர்வாகாத பிள்ளைக்கும் ஒரு வாரத்துக்குள் செய்தி போக வேண்டும், அதில் அது செய்த ஏதோ ஒரு நல்ல விஷயமும் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்தால், இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி எல்லா அலுவலகச் சுவரிலும் ஒட்டிவிடலாம்.